சலானில் எழுதாத வரிகள்

ஓசூரில் ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு டெலிவரி சலான்தான் சாட்சி. பெரிய கம்பெனியிலிருந்து இரும்புக் கம்பி வண்டியேறி வரும்போதே சலானும் கூட வரும். எத்தனை கிலோ சரக்கு கொடுத்தார்கள், எத்தனை ஜாப் கடைந்து திருப்ப வேண்டும், கடைசலில் உதிரும் ஸ்கிராப் எவ்வளவு, அதை யார் எடுத்துக்கொள்வது, எல்லாம் கணக்கில் வந்தாக வேண்டும். அளவு இருபது மைக்ரான் தப்பினாலும் சரக்கு திரும்பி வரும். அடுத்த மாதம் டெபிட் நோட் வரும். கம்பியின் விலையும் அவர்களுடைய லைன் நின்ற நேரமும் நம் பில்லில் கழிந்துபோகும். வலிக்கும். ஆனாலும் அது நியாயம் என்று எங்களுக்குத் தெரியும். செய்தவன் பொறுப்பேற்க வேண்டும். கழிவுக்கு ஒரு போக்கிடம் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்டறைக்குள் கால் வைக்கிற பையன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

இந்திய அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்தைப் பற்றி 2005 முதல் 2008 வரை இந்த நாடு பேசிய பேச்சை நான் இந்தச் சலானை வைத்துத்தான் இப்போது அளந்து பார்க்கிறேன். வேறு அளவுகோல் என்னிடம் இல்லை.

2008 ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. சின்ன எலசகிரி பக்கம் ஆறு மெஷின் ஓடிய ஒரு பட்டறையில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. சி.என்.சி. மெஷின் வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சுழல்கிற ஜாப் வேகம் குறையும், வெட்டிக்கொண்டிருக்கும் முனை அப்படியே அழுந்தும், ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு கூலண்ட் சொட்டுகிற ஒலி மட்டும். அரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் செல்போன் வெளிச்சத்தில் கதவைத் திறந்து பார்த்தான். உடைந்த இன்செர்ட்டின் துணுக்கு ஜாப்பிலேயே புதைந்து, அதைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு தழும்பு விழுந்திருந்தது. எதுவும் பேசாமல் கழற்றி ரிஜெக்ட் ஜாப்களுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டான். அந்த மாதம் அந்தப் பெட்டி நிறைந்துகொண்டே வந்தது.

டீக்கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. டிவி ஓடியது. மக்களவையில் அந்த ஒப்பந்தத்தின் பேரில் நம்பிக்கை வாக்கெடுப்பு. பாரதிய ஜனதா உறுப்பினர்கள் மூன்று பேர் நோட்டுக் கட்டுகளை எடுத்து அவையின் நடுவே வைத்த காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எங்கள் பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பக்கத்தில் ஒரு தொழிற்சங்கத் தோழர், ‘123 ஒப்பந்தம்’ என்று அழைக்கப்பட்ட அந்த அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்க்கும் துண்டறிக்கைகள் கையில் மிச்சமிருக்க, நின்றுகொண்டிருந்தார்.

“தோழர், அமெரிக்காக்காரன் நம்மள அடிமையாக்குறானா இல்லையான்னு அப்புறமா பேசிக்கலாம். கரண்ட் வருமா வராதா, அதச் சொல்லுங்க” என்றார் அண்ணா.

“வராதுங்க அண்ணா. வந்தாலும் இருபது வருசம் ஆகும். யூனிட்டு என்ன வெலைன்னு ஒருத்தனும் வாயத் திறக்கல.”

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். எங்கள் பட்டறையின் பழைய டர்னர், கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது வேலை இழந்தவர்களில் ஒருவர். பெங்களூருக்கு ரயிலேறியவர்கள் போக, சிலர் ஓசூருக்கும் வந்தார்கள். அவர் டிவியைப் பார்த்தபடியே கேட்டார்: “அது எரிஞ்ச பொறவு மிச்சம் எங்கப்பா போவும்?”

அண்ணாவுக்கும் தெரியவில்லை, தோழருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி அப்போது காதிலேயே ஏறவில்லை. இரவு செய்தியில் 275க்கு 256 என்று முடிவு வந்தது. மன்மோகன் சிங் அரசு பிழைத்தது.

அந்த மூன்று ஆண்டு விவாதத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சுதந்திர இந்தியாவில் ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்துக்காக ஒரு கூட்டணி உடைந்ததும், ஓர் அரசு தன் உயிரைப் பணயம் வைத்ததும் வேறெப்போது நடந்தது? 2005 ஜூலை 18இல் புஷ்ஷும் மன்மோகனும் கூட்டறிக்கை விட்டார்கள். மறு ஆண்டு மார்ச்சில் நம்முடைய 22 உலைகளில் 14ஐ சிவில் பக்கம் பிரித்து, பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்க ஒப்புக்கொண்டோம். அந்த டிசம்பரில் அமெரிக்காவில் ஹைட் சட்டம் வந்தது. ஈரான் விஷயத்தில் இந்தியா அமெரிக்காவோடு ஒத்துப்போகும் என்ற எதிர்பார்ப்பை அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இடதுசாரிகள் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. பாரதிய ஜனதா மறுபடி அணுகுண்டு சோதனை செய்யும் உரிமை போய்விடும் என்றது. பி.கே. அய்யங்கார், கோபாலகிருஷ்ணன் போன்ற அணுசக்தித் துறையின் மூத்தவர்கள் சிலர், தோரியத்தை நம்பி நாமே போட்ட மூன்று கட்டப் பாதை தடம் மாறும் என்று எழுதினார்கள். அரசு தரப்பிலோ, 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு உலகம் நம்மை ஒதுக்கி வைத்த தீண்டாமை முடிவுக்கு வருகிறது என்றார்கள். உள்நாட்டு யுரேனியம் போதாமல் உலைகள் பாதித் திறனில் ஓடிக்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

தமிழ்நாட்டிலிருந்து போன 39 பேரில் இடதுசாரிகள் 4 பேர். எங்கள் கிருஷ்ணகிரி உறுப்பினர் திமுகவின் சுகவனம். திமுக அரசோடு நின்றது. தொகுதியில் இதற்காக ஒரு கூட்டம் போட்டு, இப்படி ஓர் ஒப்பந்தம் வருகிறது, என்ன நினைக்கிறீர்கள் என்று எந்தக் கட்சியும் எங்களைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

இறையாண்மை, ஈரான், குண்டு, தோரியம் எல்லாம் பேசப்பட்டன. மின்சாரம் என்ற சொல்லும் வந்தது. விதர்பாவில் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டு இருட்டைப் பற்றி ராகுல் காந்தி அன்று அவையில் பேசினார். 2020க்குள் 20,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று நாட்டுக்குச் சொன்னார்கள். 2020 வந்தபோது நிறுவப்பட்டிருந்தது 6,780 மெகாவாட். இருபது வருசம் ஆகும் என்று டீக்கடையில் சொன்ன தோழரின் கணக்கு, அரசின் கணக்கைவிடச் சரியாக இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் பேரால் அமெரிக்க உலை ஒன்றுகூட இந்திய மண்ணில் இதுவரை எழவில்லை. குஜராத்தில் மிதி விர்தி என்றார்கள், பிறகு ஆந்திராவில் கொவ்வாடா என்றார்கள். உலை கட்டித் தருவதாக இருந்த வெஸ்டிங்ஹவுஸ் 2017இல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. வெளிநாட்டு யுரேனியம் வந்தது, பழைய உலைகள் நன்றாக ஓடின. கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையிலான உலைகளை ரஷ்யாவிடம் வாங்க வழி திறந்தது. பலன் என்று சொன்னால் இவைதான்.

ஆனால் எங்கள் கதை வேறு விதமாகப் போயிற்று. 2008 நவம்பர் முதல் தேதியிலிருந்து உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. மாலை நேரத்தில் ஏறக்குறைய எதையும் ஓட்டக் கூடாது. தாழ்வழுத்தத்தில் இருக்கிற எங்களுக்கு வெட்டு எப்போது வரும் என்பதை லைன்மேன்தான் சொல்ல வேண்டும். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் ஜாப்புக்குக் கிடைக்கிற கூலி டீசலுக்கே போனது. பையன்கள் ஊருக்குத் திரும்பினார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்களைத் தமிழ்நாடு பார்த்தது. அப்போது தொழிற்பேட்டைகளில் எல்லாம் ஒரே பேச்சு: கூடங்குளத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

நானும் அதைச் சொன்னேன். கூடங்குளம் உலைகளுக்கு எதிராக இடிந்தகரையில் பெண்கள் பந்தலுக்குக் கீழே மாதக்கணக்காக உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்துக்கொண்டே சொன்னேன். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கும் 2008 ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமில்லை, அவை 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டவை என்பதுகூட எனக்கு அன்று சரியாகத் தெரியாது. அந்தப் போராட்டத்தை ஒட்டி 2012 செப்டம்பர் 10இல் மணப்பாட்டில் போலீஸ் சுட்டு ஒரு மீனவர் இறந்தார். அன்று மாலை எங்கள் பட்டறையில் கரண்ட் இருந்தது. மெஷின் சத்தத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். எங்களுக்குத் தேவை உண்மையானது, எங்கள் நஷ்டம் உண்மையானது. அந்தத் தேவையை அவர்களுடைய பயத்துக்கு எதிரே நிறுத்தினார்கள், நாங்களும் நின்றோம்.

இரண்டே மாதத்தில், மிச்சம் எங்கே போகும் என்று டீக்கடையில் டர்னர் கேட்ட கேள்வி எங்கள் எல்லைக்கே வந்தது.

2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கூடங்குளம் வழக்கு நடந்தபோது, எரிபொருள் கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்கு, கோலாரின் மூடிய தங்கச் சுரங்கம் என்று அரசுத் தரப்பில் பதில் வந்ததாகச் செய்தி வெளியானது. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் வழியாகப் போனால் தங்கவயல் இரண்டு மணி நேரப் பயணம். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் மூலை அது. அங்கே கடை அடைத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். கர்நாடக முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டர் அனுமதிக்க மாட்டோம் என்றார். மத்திய அமைச்சராகவே இருந்த கோலார் எம்.பி. முனியப்பாவும் எதிர்த்தார். சில நாட்களில், அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசு சொல்லிவிட்டது.

அந்த டிசம்பரில் நான் அந்தப் பழைய டர்னர் பெரியவரைப் பார்க்கத் தங்கவயலுக்குப் போனேன். ஓசூரில் வேலை குறைந்த பிறகு அவர் ஊரோடு போய்விட்டிருந்தார். சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடு. முன்னால் நின்று பார்த்தால் தெருவின் முடிவில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. மலை என்றே சொல்லலாம், மழைநீர் கீறிக் கீறி வரிவரியாக நின்றது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண். புல் முளைக்கவில்லை. ஆடிக் காற்றில் அது எழும்பினால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே, அது ஆடி இல்லை என்றாலும், பழக்கத்தில் தண்ணீர்க் குடத்தின் மூடியை ஒரு முறை தொட்டுச் சரி செய்தார்.

“நூத்தியிருவது வருசம் தோண்டினாங்க. தங்கம் எங்க போச்சின்னு எவனுக்கும் தெரியாது. மண்ணு மட்டும் இங்கயே கெடக்குது. இப்ப அங்கேருந்து வேற கொண்டாந்து போடறேங்கிறான்.”

அவருடைய தாத்தா பழைய வடாற்காட்டு மாவட்டத்திலிருந்து போனவர். சேலம் மாவட்டத்திலிருந்தும், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும், சாதியின் கீழ்த்தட்டில் அமுக்கப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து கம்பி இழுத்து முதலில் மின்சாரம் கொண்டுவந்தது இந்தச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் தெருவிளக்குகள் 1905இல்தான் எரிந்தன. கரண்ட்டுக்குப் பெரிய வரலாறு உண்டு இந்த ஊரில். கழிவுக்கும் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் இங்கே ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், அணுக்கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று எட்டு ஆண்டுகள் சூடேற்றிப் பார்த்திருக்கிறது. மேலே குடியிருந்தவர்களுக்கு அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பெரியவரைக் கேட்டேன். “நாங்க என்னத்தக் கண்டோம்” என்றார்.

கழிவைக் கோலாருக்குக் கொண்டுவரக் கூடாது என்று கர்நாடகம் சொன்னது நியாயம். அதே கர்நாடகத்துக்குக் கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளிலிருந்து 442 மெகாவாட் ஒதுக்கீடு. தமிழ்நாட்டுக்கு 925, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67. ஓசூருக்கு வருகிற கம்பியில் எது கூடங்குளம், எது காற்றாலை, எது நெய்வேலி என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒதுக்கீட்டை மெகாவாட் கணக்கில், ஒற்றை இலக்கம் வரைக்கும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கழிவுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. மின்சாரம் பிரித்த மேஜையிலேயே அதையும் பிரித்திருந்தால், தங்கவயலின் பெயர் இப்படிப் பட்டென்று வந்து விழுந்திருக்காது. பிரித்துப் பார்க்கவே முடியவில்லை என்றால் உலையே வேண்டாம் என்றாவது அன்றே தெரிந்திருக்கும்.

இந்த எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் நிரம்பி வழிகிற பெங்களூரின் சாக்கடை தென்பெண்ணையில் கலந்து எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் ஆற்றின் மேல் பஞ்சு மூட்டை மூட்டையாக நுரை. காற்றடித்தால் பறந்து வந்து பாலத்தின் மேலும் வயலிலும் விழும், நாற்றம் ஊருக்குள் வரும். அந்தத் தண்ணீரில்தான் கீரையும் கொத்தமல்லியும் விளைகின்றன. பெங்களூருக்கே சந்தைக்குப் போகின்றன. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்பேட்டையின் கழிவு எந்த ஏரியில் இறங்குகிறது என்று கேட்டால் நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம். ஆற்றில் மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் கேட்பதில்லை. நாங்கள் இரண்டு பக்கமும் நின்றவர்கள்.

அணுக்கழிவின் விஷயத்தில் நாட்டுக்கு முன் அனுபவமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவோடு 2008இல் போட்டது இரண்டாவது ஒப்பந்தம். முதலாவது 1963இல், தாராப்பூருக்காக. 1969இல் உலைகள் ஓடத் தொடங்கின. நாம் பொக்ரானில் சோதனை செய்தோம். அமெரிக்கா 1978இல் புதுச் சட்டம் போட்டு எரிபொருளை நிறுத்தியது. அதன்பின் பிரான்ஸ் கொடுத்தது. ஆனால் எரித்து முடித்த அமெரிக்க எரிபொருள் தாராப்பூரிலேயே தங்கிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, மறுசுழற்சி செய்ய அனுமதிக்கவும் இல்லை. கூடங்குளத்திலும் அதே கதை வேறு விதமாக நடந்தது. 1988 ஒப்பந்தப்படி எரிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். 1998இல் போட்ட துணை ஒப்பந்தத்தில் அது இந்தியாவிலேயே இருக்கும் என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சலானில் இப்படி ஒரு வரியைத் திருத்தினால் இரண்டு தரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு உலையை அடுத்த ராதாபுரத்திலோ இடிந்தகரையிலோ யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை.

இதற்குத் துறையினர் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். எரிந்த எரிபொருள் குப்பை ஆகாது, அதிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவோம், கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம், அதைக் கண்ணாடியாக உருக்கி வைத்துவிடலாம், நிரந்தரக் கிடங்குக்கு இப்போது அவசரமில்லை என்கிறார்கள். அறிவியலாக அதில் பிழை காண நான் யாரும் இல்லை. கொஞ்சம் என்றாலும் அது பல்லாயிரம் ஆண்டுகள் ஓர் ஊரின் அடியில் இருக்கப் போகிறது. அந்த ஊரின் பெயர் என்ன என்பதுதான் பெரியவரின் கேள்வி.

இனி டெபிட் நோட்டுக்கு வருகிறேன். 2008 விவாதத்தில் இது ஏறக்குறைய இல்லவே இல்லை. 2010 ஜூனில் போபால் வழக்கில் தீர்ப்பு வந்து, அத்தனை உயிர்களுக்கு இரண்டு ஆண்டு தண்டனைதானா என்று நாடு வெகுண்ட பிறகுதான் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தை எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். உலையை நடத்துபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் உச்சவரம்பு. இடதுசாரிகளும் பாரதிய ஜனதாவும் அழுத்தியதால் அதில் 17(பி) என்ற பிரிவு உறுதியாக நின்றது. குறையுள்ள கருவியோ சாமானோ கொடுத்து விபத்து நேர்ந்தால், கொடுத்த கம்பெனியிடமும் பணத்தை வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். 2010 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியது. நான் அறிந்தவரை, உலை விற்கிறவனுக்கு டெபிட் நோட் அனுப்பும் உரிமையைத் தன் சட்டத்தில் எழுதி வைத்த நாடுகள் மிகக் குறைவு. மூன்று ஆண்டு கூச்சலில் விட்டுப்போன ஒரு வரியை நாடாளுமன்றம் இரண்டு ஆண்டு கழித்தாவது எழுதியது என்று அன்று நான் மகிழ்ந்தேன்.

அடுத்த மார்ச்சில் புகுஷிமா. ஜப்பான் சட்டப்படி எல்லாப் பொறுப்பும் மின்நிறுவனத்தின் மேல் விழுந்தது. உலையை வடிவமைத்து விற்றவர்களுக்குச் சட்டத்தில் பொறுப்பே இல்லை. நம் 17(பி) எதற்காக வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. ஆனாலும் அமெரிக்கக் கம்பெனிகள் அந்தப் பிரிவு இருக்கும்வரை வர மாட்டோம் என்றன, நம்முடைய பெரிய கம்பெனிகளும் முணுமுணுத்தன. 2015இல் ஒபாமா வந்தபோது காப்பீட்டு நிதி ஒன்றை வைத்து அதைச் சுற்றிப் போக வழி தேடினார்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று அறிவித்து, சட்டங்களைத் திருத்துவோம் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சாந்தி என்ற பெயரில் புதுச் சட்டம் வந்தது. தனியார் உலை நடத்தலாம். பழைய 17(பி) அதில் இல்லை. கருவியில் குறை என்று கொடுத்தவனைக் கேட்க, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். குழுவுக்கு அனுப்பிப் பரிசீலியுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டதும் ஏற்கப்படவில்லை. 2008 வரை மூன்று ஆண்டு பேசிய நாடு, அதன் கடைசி அத்தியாயத்தைச் சில நாட்களில் முடித்துவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு புஷ் அளவு தப்பினால் பையனின் சம்பளத்தில் கை வைக்கிற நிலை வருகிறது. பில்லியன் டாலர் உலை விற்கிறவருக்கு மட்டும் அந்த விதி ஏன் பொருந்தாது? பாதுகாப்பானது என்று அவரே சொல்கிறார். அப்படியானால் கையெழுத்துப் போட என்ன தயக்கம்?

கெலவரப்பள்ளி அணையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகைப்படங்களைக் காட்டுவார்கள். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. ஆனால் 1962இல், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டனுக்குப் போய் கென்னடியைச் சந்தித்து, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டவர் அவர். அப்போது அவர் எந்த அரசுப் பதவியிலும் இல்லை. காற்றில் கலக்கும் கதிரியக்கம் எங்கள் பிள்ளைகள் மேலும்தானே விழும், அதனால் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்தப் பயணத்தின் ஆதாரம். மறு ஆண்டு, நிலத்தடியைத் தவிர மற்ற இடங்களில் சோதனை செய்வதைத் தடை செய்யும் உடன்படிக்கை வந்தது. அவரால்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அணு விவகாரம் டெல்லிக்காரர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும் உரியது, உனக்கென்ன தெரியும் என்று கேட்டால், இந்த ஆற்றங்கரையில் பிறந்த ஒருவர் அப்படி நினைக்கவில்லை என்று பதில் சொல்லலாம்.

ஓசூர் இன்று இன்னும் பெரியதாகிவிட்டது. ஏதர் இங்கே, ஓலா போச்சம்பள்ளியில், மின்சார ஸ்கூட்டர்கள் வரிசை வரிசையாக வெளியே போகின்றன. இன்னும் மின்சாரம் வேண்டும். அடுத்த ஒப்பந்தம் வரும்போது எங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்: தொழில் வளர, வேலை கிடைக்க. எங்கள் பெயரில் கேட்கட்டும். ஆனால் எங்கள் சிறுதொழில் சங்கங்களும் தொழிற்சங்கங்களும், எங்களுக்காக டெல்லியில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரும் கை தூக்குவதற்கு முன்னால், பொறுப்பு, கழிவு என்ற அந்த இரண்டு வரிகள் எங்கே என்று கேட்க வேண்டும். 2008இல் நாங்கள் கேட்கவில்லை. 2012இல் கேட்டவர்களின் பக்கமும் நிற்கவில்லை.

பெரியவர் இப்போது இல்லை. கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்க ஐந்து ஆண்டுகளில் கிடங்கு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் சொன்னது. 2018இல் அவகாசம் 2022 வரை நீட்டிக்கப்பட்டது. ராதாபுரத்தில் 2019 ஜூலையில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கிடங்கை அங்கே கட்ட வேண்டாம், எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று 2022இல் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அது கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயரை இன்றுவரை எந்த அரசும் சொல்லவில்லை.